அடைத்த கதவும் அணைந்த அடுப்பும்

(திருவண்ணாமலையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

  

2020ஆம் ஆண்டு ஏப்பிரல் 7, 8 ஆகிய நாள்களில் வந்த பங்குனி முழுநிலவை இவ்வூரார் மறந்திருக்கவியலாது. வானில் நிலவு இருந்தது. அண்ணாமலை தன்னிடத்தில் நின்றது. மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ச் சாலையிலோ வலம் வரும் கூட்டம் இல்லை. கொரோனா எனப்பட்ட மகுடைத் தொற்றுக்கு அஞ்சி அரசு கோயிலை அடைத்திருந்தது, மலைவலத்தைத் தடுத்திருந்தது. மலைவலத் தடை ஏறத்தாழ ஈராண்டுக் காலம் நீடித்தது. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் கார்த்திகை விளக்கீட்டின்போதும் மலையுச்சியில் விளக்கு எரிந்தது. ஆண்டுதோறும் திரளும் இலக்கக்கணக்கான மக்களைக் காணோம்.

வெளியூரார்க்கு இது வழிபாட்டுச் செய்தி. இவ்வூரின் எளியவர்க்கோ இது வயிற்றுச் செய்தி. முழுநிலவு என்றால் பூக்கட்டும் பெண்ணுக்குக் கூலிநாள். இளநீர் வெட்டுபவனுக்கும், சுண்டல் விற்பவனுக்கும், தேநீர்க் கடைக்காரனுக்கும், தானி ஓட்டுபவனுக்கும், விடுதியில் தரை துடைக்கும் தாய்க்கும் அதுவே கூலிநாள். திங்களில் அந்த இரண்டு நாள் வருவாயைக் கொண்டுதான் எஞ்சிய நாள்களின் கடனை அடைப்பார்கள். இவர்களுக்கும் கீழே இன்னொரு கூட்டம் உண்டு. மலைவலச் சாலையோரத்தில் படுத்து, வருவோர் இடும் சோற்றை உண்டு வாழும் துறவியரும், துறவாமலே யாவற்றையும் இழந்துவிட்ட முதியோரும் அவர்கள். அவர்களைப் பார்த்து 'வீட்டிலேயே இருங்கள்' என்று ஒலிபெருக்கி சொன்னது. எந்த வீட்டில்?

'தனித்திரு, விழித்திரு, வீட்டிலிரு' என்று அரசு அந்நாளில் விளம்பரம் செய்ததை நினைத்துப் பாருங்கள். வள்ளலார் பெயரால் தமிழ்நாட்டில் வழங்கிவரும் மூன்று சொற்களில் 'பசித்திரு' என்பதும் ஒன்று. அச்சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வீட்டை வைத்தார்கள். நல்ல திருத்தந்தான். ஆனால் எடுத்த சொல் விளம்பரத் தட்டியிலிருந்து மட்டுமே நீங்கிற்று. குடிசையில் அது அப்படியே இருந்தது. 1867இல் வடலூரில் அறச்சாலை தொடங்கி அணையா அடுப்பு மூட்டியவர் வள்ளலார். அவர் சொல்லைக் கடன்வாங்கியவர்கள் அவர் அடுப்பையும் சேர்த்து நினைத்திருக்கலாம்.

முடக்கம் வேண்டுமா, வேண்டாவா என்று அன்று நாடெங்கும் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. 'உயிரா, பிழைப்பா?' என்று அதற்குத் தலைப்பிட்டார்கள். தலைப்பே பிழை. அன்றாடங்காய்ச்சிக்குப் பிழைப்பு வேறு, உயிர் வேறு அல்ல. சேமிப்பு உள்ளவன் ஒருவனே அவ்விரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க முடியும். நோயே பொய்யென்று பேசியோரும் இருந்தனர். 2021இன் இரண்டாம் அலையில் உயிர்வளி வேண்டி மருத்துவமனை வாயிலில் மூச்சுத் திணறக் காத்துக்கிடந்தவர்களைக் கண்டபின்னும் அவ்வாறு பேசுவதை அறியாமை என்று விட்டுவிட முடியாது, அது கொடுமை. மருந்தும் தடுப்பூசியும் இல்லாத நாளில் மக்கள் நெருக்கத்தைக் குறைப்பதன்றி வேறு வழி அரிது என்பதையும் ஒப்பத்தான் வேண்டும். ஆகவே கதவை அடைத்தது குற்றமன்று. கதவை அடைக்குமுன் உள்ளே உணவு இருக்கிறதா என்று பாராததே குற்றம்.

நாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2020 மார்ச்சு 24 மாலை 6 மணிமுதல் தமிழ்நாட்டரசு 144 தடையாணை பிறப்பித்திருந்தது. அன்றிரவு 8 மணிக்குத் தலைமையமைச்சர் மோடி தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் நாடுமுழுதும் 21 நாள் முடக்கம் என்றார். இடையில் இருந்தவை நான்கே மணிநேரம். மக்கள் நலவாழ்வும் மருத்துவமும் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. எந்த ஊரில் எத்தனை வாய் உண்டு, எந்தத் தெருவில் பங்கீட்டுக் கடை உண்டு என்று அறிந்தவை மாநில அரசுகளே. ஆணையோ தில்லியில் பிறந்தது.

கோயம்பேட்டில் நிகழ்ந்தது இதனினும் தெளிவான பாடம். இம்முறை பிழை தில்லியுடையதன்று, சென்னைக் கோட்டையினுடையது. ஏப்பிரல் 24ஆம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது. 26ஆம் நாள் காலைமுதல் 29ஆம் நாள் இரவுவரை சென்னை, கோவை, மதுரை நகரங்களில் முழு முடக்கம் என்றது. நான்கு நாளுக்கு வேண்டிய காய்கறியை ஒரே நாளில் வாங்கவேண்டிய கட்டாயம் மக்களுக்கு. 25ஆம் நாள் கடைகளிலும் கோயம்பேட்டுச் சந்தையிலும் தோளோடு தோள் இடிக்கக் கூட்டம் நெருக்கிற்று. கூட்டத்தைக் கலைக்கப் போட்ட ஆணையே கூட்டத்தைக் கூட்டியது. மே 5இல் சந்தையை மூடினர். பின்னர்த் திருமழிசைக்கு மாற்றினர். அதற்குள் அங்குச் சுமை தூக்கியவரும் கடையில் ஏவல் செய்தவரும் ஊர் திரும்பியிருந்தனர். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் தொற்று விரைந்து ஏறியது. திருவண்ணாமலை மாவட்டமும் தப்பவில்லை. பழி எவர்மேல் விழுந்தது? கூடை சுமந்தவன்மேல் விழுந்தது! 'கோயம்பேட்டான் வந்துவிட்டான்' என்று தன் ஊரிலேயே அவனை ஒதுக்கினர்.

இதே நாள்களில் உணவு வழங்குவது பற்றியே ஒரு வழக்கு எழுந்தது. ஏப்பிரல் 12ஆம் நாளையொட்டி, கட்சிகளும் தொண்டமைப்புகளும் மக்களுக்கு நேரடியாக உணவு வழங்கக்கூடாது, அலுவலர் வழியாகவே வழங்கவேண்டும் என்றது தமிழ்நாட்டரசு. கூட்டம் சேரும், நோய் பரவும் என்பது அரசு சொன்ன கரணியம். எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன, வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது, சில கட்டுப்பாடுகளோடு வழங்கலாம் என்று மன்றம் இசைந்தது. அரசின் அச்சம் முற்றும் பொய்யன்று. உணவுப் பொட்டலத்தைச் சுற்றிக் கூட்டம் நெருங்குவதை யாவரும் கண்டனர். ஆயினும் அலுவலர் கை எட்டாத இடம் எத்தனை! மலைவலச் சாலையில் கிடக்கும் கிழவனின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அவன் இருப்பதை அறிந்தவர் நாள்தோறும் அவனுக்குச் சோறிட்டுவந்த மனிதர்தாம். அவரைத் தடுத்தால் அவன் உண்ணுவதெப்படி?

தமிழ்நாடு பெருமைப்படத்தக்க ஒன்றையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். ஏழை, ஏழையல்லார் என்று பிரிக்காமல் யாவர்க்கும் பொருந்தும் பொதுப்பங்கீட்டு முறை இங்கு உள்ளது. 2020 ஏப்பிரலில் அரிசி அட்டைதாரர்க்கு 1,000 உருபாவும், விலையின்றி அரிசி, பருப்பு, எண்ணெய், சருக்கரையும் கிடைத்தன. 2021இல் ஆட்சி மாறியபின் ஈரிரண்டாயிரமாக 4,000 உருபா கொடுத்தனர். அவ்வாண்டு மே 24இல் முடக்கத்தை இறுக்கியபோது தோட்டக்கலைத் துறை வழியாகக் காய்கறி வண்டிகள் தெருத்தெருவாக வந்தன. அதற்கு முந்தைய இரு நாளும் கடைகளைத் திறந்துவிட்டதால் நெரிசல் உண்டாயிற்று என்பதும் மெய்யே. என்றாலும், வாயிலுக்கு உணவு வந்தால் மனிதன் வாயிலைத் தாண்டமாட்டான் என்பதை அவ்வண்டிகள் காட்டின.

ஆனால் அட்டை இல்லாதவன் கதை வேறு. அட்டை ஊரோடு கட்டப்பட்டிருந்தது. வயிறோ மனிதனோடு நடந்தது. வெளிமாநிலத் தொழிலாளர் தம் அட்டையை இங்குக் காட்டி அரிசி பெறும் ஏற்பாடு 2020 அக்டோபர் முதல் நாளில்தான் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. முடக்கத்தின் கொடுமையான திங்கள்கள் அதற்குள் கடந்துபோயின. உணவு இல்லாமலா இந்நிலை? நடுவணரசின் உணவுக் கழகக் கிடங்குகளில் அவ்வாண்டு ஏப்பிரல் முதல் நாளன்று, இருக்கவேண்டிய அளவைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட அரிசியும் கோதுமையும் அடுக்கிக் கிடந்தன. அதே ஆண்டு மே 8இல் மராட்டிய மாநிலத்து அவுரங்காபாத்து அருகே, ஊருக்கு நடந்து களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர்மேல் சரக்குவண்டி ஏறியது. அவர்கள் வழியுணவாகக் கொண்டுவந்த உரொட்டிகள் இருப்புப்பாதையில் சிதறிக்கிடந்தன.

கூலம் இருக்க மக்கள் பட்டினி கிடப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சத்தை முதியோர் தாது ஆண்டுப் பஞ்சம் என்பர். அன்று சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு முன்னெச்சரிக்கையாகத் தானே கூலம் வாங்கியது. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று நடுவிலிருந்த வைசிராய் இலிட்டனின் அரசு அதைக் கடிந்தது. பஞ்சத்தைப் பார்வையிட வந்த இரிச்சர்டு தெம்பிள் என்பவர், செலவைச் சுருக்கவேண்டி, வேலைசெய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு கூலமும் சிறுகாசுமே போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாண நலவாழ்வுத் துறையின் தலைவராக இருந்த மருத்துவர் கார்னிசு இதை எதிர்த்தார். இந்த உணவில் உழைக்கும் உடம்பு தேயும், தேய்ந்த உடம்பை நோய் கொள்ளும் என்று அவர் விடாமல் எழுதினார். 1877 மே திங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் எலும்புக்கூடான மக்களிடையே வாந்திபேதியும் அம்மையும் புகுந்துவிட்டன. பசியும் கொள்ளைநோயும் இருவேறு துறைகளின் கோப்புகள் அல்ல என்பதை, ஆளவந்த இனத்தில் பிறந்த ஒரு மருத்துவர் அன்றே கண்டார். தமிழர் அதை அவருக்கும் பல நூற்றாண்டு முன்பே 'பசிப்பிணி' என்ற ஒரே சொல்லில் வைத்திருந்தனர். மணிமேகலையின் கையிலிருந்த கலம் மருத்துவக் கலமே.

இவ்வூரும் கொள்ளைநோயை அறியாததன்று. 1905ஆம் ஆண்டையொட்டிப் பிளேக்கு பரவியபோது மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். இரமணரும் விருபாட்சிக் குகையை விட்டுப் பச்சையம்மன் கோயிலுக்குப் போய்ச் சில திங்கள் தங்கினார். அன்று ஊரைக் காலிசெய்தார்கள். 2020இல் ஊரை வீட்டுக்குள் அடைத்தார்கள். எம்முறையாயினும், ஒதுங்கியிருப்பவனுக்கு யாரோ ஒருவர் சோறு கொண்டு போயாகவேண்டும்.

2020இல் கையிலெடுத்த சட்டங்களுள் ஒன்று வெள்ளையன் 1897இல் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டம். அரசு எவரைத் தடுக்கலாம், எவரைத் தண்டிக்கலாம் என்பன அதில் உள்ளன. தடுக்கப்பட்டவனுக்கு எத்தனை படி அரிசி, எத்தனை நாளுக்குள், எவர் பொறுப்பில் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அவ்வரியைச் சட்டத்தில் எழுதவேண்டும் என்று சட்டமன்றத்தாரைக் கேளுங்கள். நடுவண் கிடங்கைத் திறக்கும் உரிமை, நோய்க்காலத்தில் மாநிலத்தின் கையில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள்.

இவ்வூரார் அதற்கும் முன்னதாகவே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. திருவண்ணாமலை இப்போது மாநகராட்சி. வரும் முழுநிலவுக்கு மறுநாள் காலை, கூட்டம் கலைந்தபின், மலைவலச் சாலையில் எவரெவர் எழுந்து போகாமல் அங்கேயே படுத்திருக்கின்றனர் என்று இளைஞர்கள் நடந்துபோய் எண்ணுங்கள். பெயரும், அட்டை உண்டா இல்லையா என்பதும், அவர்க்கு இப்போது சோறிடுபவர் யார் என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு படியை மாநகராட்சி அலுவலகத்திலும் ஒரு படியை மாவட்ட வழங்கல் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.