சிகிச்சை முடிந்த பிறகு வரும் பயம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



மார்பகப் புற்றுநோய்க்கு எனக்கு ஆபரேஷன், கீமோ, கரண்டு வைக்கிறது எல்லாம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. "இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்மா" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அன்றைக்குத்தான் பயம் ஆரம்பித்தது. அதுவரைக்கும் யாராவது என் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இனிமேல் யார் பார்ப்பார்கள்? முதுகு வலித்தால் எலும்புக்குப் போயிடுச்சோ, தலை வலித்தால் மூளைக்குப் போயிடுச்சோ என்று ராத்திரி தூக்கம் போனது. குழுவில் 24 மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டபோது, கடைசித் தவணை கட்ட நான் இருப்பேனா என்று மனசு கேட்டது.

இது கோழைத்தனம் இல்லை. சிகிச்சை முடித்த நிறைய பேருக்கு இப்படி வரும் என்று நர்ஸம்மா சொன்னார்.

எனக்கு உதவினதைச் சொல்றேன். குழுவுக்குத் தீர்மான நோட்டு இருக்கிற மாதிரி, வலிக்கும் ஒரு நோட்டு வைத்தேன். எங்கே வலி, என்ன தேதி, அவ்வளவுதான். வேலை செய்து வந்த வலி நாலைந்து நாளில் போய்விடும். இரண்டு வாரமாகியும் போகாத வலி, விடாத இருமல் என்றால் டாக்டரிடம் சொல்லணும். புதுசாகக் கட்டி, கை வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் செக்கப் தேதிக்குக் காத்திருக்கவே கூடாது.

எனக்கு டாமாக்சிபென் மாத்திரை 5 வருஷம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் திடீரென்று உடம்பு சூடாகி வியர்க்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. மனசு ரொம்பக் கனத்தால் 14416-க்கு போன் போடுங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ்; காசு இல்லை, ராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

பயத்தில் செக்கப்புக்கே போகாமல் இருக்கிறவர்களும் உண்டு. அதுதான் ஆபத்து. அதனால் குழுக்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். "அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?" என்று சொல்லாதீங்க, அவள் பேசட்டும், கேளுங்க. செக்கப் அன்றைக்கு ஒருத்தர் கூடவே பஸ் ஏறுங்க. நோய் வந்தவள் என்று கடன் பட்டியலில் இருந்து பேரை எடுக்காதீங்க. என் பேரை எடுக்காமல் வைத்திருந்ததால்தான், அடுத்த வருஷமும் நான் இருப்பேன்னு குழு நம்புதேங்கிற தைரியம் எனக்கு வந்தது.

இங்கே சிகிச்சை முடித்தவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் செக்கப் தேதியை என்கிட்ட சொல்லுங்க. நானும் கூட வர்றேன்.