பட்டறைக்கு அடுத்த படி

(காமயகவுண்டன்பட்டியில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் நம் தெருவுக்கு ஒரு யோசனை இலவசமாக வரும்: "ஐ.டி.ஐ.யில சேத்து விடுங்கப்பா, சீக்கிரம் நாலு காசு பாப்பான்." சொல்கிறவர் கெட்டவர் இல்லை. ஆனால் தன் பையனை அவர் எங்கே சேர்த்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஐ.டி.ஐ.யை இளக்காரமாகப் பேச நான் வரவில்லை. 1942 அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதி வைஸ்ராயிடம் ஒரு மனு கொடுத்தார். அரசு அச்சகங்களும் ரயில்வே பட்டறைகளும் நம் பிள்ளைகளை அப்ரண்டிஸாக எடுத்துப் பயிற்சி தர வேண்டும் என்று அதில் கேட்கிறார். அதே மனுவில், உயர் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகை கேட்கிறார், வெளிநாட்டுப் படிப்புக்கும் பணம் கேட்கிறார். பட்டறையா கல்லூரியா என்று அவர் தேர்வு வைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்டார்.

உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் இடஒதுக்கீடு சேர 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தோம், அடுத்த ஆண்டே அது போனது. ஆனால் அப்பன் தொழிலுக்குப் பதில் ஃபிட்டர் வேலையைக் கொடுத்து, "உனக்கு இது போதும்" என்று சொன்னால் அதற்கு என்ன பேர் வைப்பது?

வழி இருக்கிறது. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. பொறியியல் வேண்டாமா? மொழித்தாள்களை மட்டும் எழுதிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணைச் சான்று வாங்கி, பட்டப்படிப்புக்குப் போகலாம். அரசுப் பொறியியல் கல்லூரி போடியிலேயே இருக்கிறது.

பிறகு ஏன் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? ஒன்று, அப்ரண்டிஸ் காலம். சட்டப்படி அவர் தொழிலாளி இல்லை, பயிற்சியாளர்தான். உதவித்தொகையில் வாடகை போக மிச்சம் நிற்காது. வீட்டில் கடன் இருந்தால் கிடைத்த வேலைக்குப் போய்விடுவார். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதிநேர பி.இ. கோவை போன்ற ஊர்களில் உண்டு. கம்பத்தில் வேலை பார்ப்பவர் சாயங்காலம் கோவைக்கு எப்படிப் போவார்?

இரண்டாவது, யாரும் பேசாத விஷயம்: கணக்கு. நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்கிறவர் முதல் ஆண்டுக் கணக்கைப் படிக்காமலே வகுப்பில் உட்காருகிறார். அரியர் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கல்லூரியில் என் நண்பனை, "ஐ.டி.ஐ. பசங்களுக்கு இதெல்லாம் ஏறாதுப்பா" என்று ஆசிரியரே சொன்னார். லேத்தில் நூலிழை பிசகாமல் கடைகிறவனுக்கு இன்டக்ரேஷன் ஏறாதாம்! சொல்லித் தராததைத்தான் இப்படி மறைக்கிறார்கள்.

அரசு இதற்கென்று இணைப்பு வகுப்பு நடத்த வேண்டும், அப்ரண்டிஸ் தொகையை உயர்த்த வேண்டும். இதை மனுவாக எழுதி வந்திருக்கிறேன், கையெழுத்துப் போடுங்கள். அதுவரை சும்மா இருக்க முடியாது. மே, ஜூன் ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கு எடுக்க நான் வருகிறேன். ஒரு கரும்பலகையும் இடமும் வேண்டும். இந்த வருடம் ஐ.டி.ஐ. முடிக்கிற தம்பி தங்கைகள் போவதற்கு முன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.