வன்னியின் ஆய்வுத் தரவும் அதைக் காக்கும் கொள்கையும்

1981ஆம் ஆண்டுக்கும் 2012ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளில் இலங்கையின் வட பகுதியிலுள்ள வன்னிப் பெருநிலப்பரப்பில் முழுமையான குடிசன மதிப்பீடு எதுவும் நடைபெறவில்லை. 1991இல் நடந்திருக்க வேண்டிய மதிப்பீடு நாடு முழுவதற்கும் நடைபெறாது போக, 2001ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் போரின் காரணமாகக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் முற்றாக விடுபட்டு, வவுனியாவில் ஒரு பகுதி மட்டுமே கணக்கெடுக்கப்பட்டது. 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிளிநொச்சி, தனி மாவட்டமாக முழுமையாகக் கணக்கெடுக்கப்பட்டது 2012இல்தான். ஆகவே அந்த இடைவெளிக் காலத்துக் கிராமம், குளம், பயிர், நோய் ஆகியவற்றைப் பற்றி ஆய்வாளர் ஒருவர் திரட்டிய நிரப்பப்பட்ட வினாக்கொத்தோ மழை அளவீட்டுக் குறிப்பேடோ எஞ்சியிருக்குமானால், அரச புள்ளிவிபரம் மௌனமாக இருக்கும் இடத்தில் பேசக்கூடிய சான்று அதுவே.

ஆய்வுத் தரவு என்பது வெளியிடப்பட்ட கட்டுரையன்று. அக்கட்டுரையின் முடிவுகள் எவற்றின்மேல் எழுந்தனவோ அந்த அளவீடுகள், நேர்காணல் ஒலிப்பதிவுகள், படங்கள், கணினி நிரல்கள் ஆகியவை அனைத்தும் சேர்ந்ததாகும். 1991 முதல் 2011 வரை வெளிவந்த 516 உயிரியல் கட்டுரைகளின் மூலத் தரவுகளைத் தேடி 2014இல் வெளியான ஓர் ஆய்வு, கட்டுரை வெளிவந்தபின் ஒவ்வோர் ஆண்டும் தரவு எஞ்சியிருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 வீதம் குறைந்து செல்வதைக் காட்டியது. போரோ இடப்பெயர்வோ இல்லாமலே, பழுதடைந்த கணினியாலும் மாறிப்போன மின்னஞ்சல் முகவரியாலும் இவ்வளவு இழப்பு நேருமெனில், தனிப்பட்ட ஆய்வாளரின் கவனத்தை மட்டும் நம்பித் தரவை விட்டுவைக்க முடியாது என்பது தெளிவு. ஸ்கொட்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகம் 2011இலேயே ஆய்வுத் தரவைப் பேணுவதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது; வன்னிக்கும் அத்தகைய கொள்கை தேவை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களும் வன்னியின் மண்ணையும் நீரையும் நேரடியாக ஆராயும் வாய்ப்புடையவை. காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், 1990களில் வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்டு, வவுனியா மாவட்டத்திலும் காணப்படுவதால், கிணற்று நீர் ஆய்வு இங்கு உயிரோடு தொடர்புடையது. ஒரு கிணற்றின் ஃபுளோரைட் அளவு எண்ணாக மட்டும் எஞ்சினால் அதனால் பயனில்லை. கிணறு எந்தக் கிராம அலுவலர் பிரிவில் உள்ளது, மாதிரி மாரியில் எடுக்கப்பட்டதா கோடையில் எடுக்கப்பட்டதா, எம்முறையால் அளக்கப்பட்டது என்னும் விவரங்கள் உடனிருந்தால்தான், பத்தாண்டு கழித்து வரும் மாணவர் தம் அளவீட்டை அதனோடு ஒப்பிட முடியும். தரவைப் பற்றிய இவ்விவரங்களே மேற்தரவு எனப்படுகின்றன. தரவு கண்டறியத்தக்கதாயும் அணுகத்தக்கதாயும் பிற தரவோடு இணையத்தக்கதாயும் மீளப் பயன்படத்தக்கதாயும் இருக்க வேண்டும் என 2016இல் வெளியாகி உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறிகள் இந்த மேற்தரவையே பெரிதும் சார்ந்துள்ளன.

ஆயினும், கிணற்று நீருக்குப் பொருந்தும் திறந்த அணுகல் மனிதர் சொன்ன துயரத்துக்கு அப்படியே பொருந்தாது. 2009இல் போரால் இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவர்களிடமும் பின்னர் மீள்குடியேறியோரிடமும் உளநலம், இழப்பு, வாழ்வாதாரம் பற்றிக் கேள்விகள் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டன. வன்னி மக்களின் கூட்டு உளவடுவைப் பற்றித் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அத்தகைய வாக்குமூலங்கள் அறிவுக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பதைக் காட்டுகிறது. ஆனால் பெயரை நீக்கிவிட்டால் ஆளை மறைத்துவிடலாம் என்னும் வழக்கமான நம்பிக்கை இங்கு ஆபத்தானது. சில நூறு குடும்பங்களே வாழும் முல்லைத்தீவுக் கிராமமொன்றில், ஒரு தாயின் வயதும் அவர் இழந்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் இழந்த நாளும் பதியப்பட்டிருந்தால், ஊரார் எவரும் அவரை அடையாளம் கண்டுகொள்வர். தீங்கு செய்ய நினைப்பவரும் கண்டுகொள்வர். ஆகவே இவ்வகைத் தரவைத் திறந்துவைப்பதைக் காட்டிலும், யார் எதற்காகக் கேட்கிறார் என்று ஆராய்ந்து அனுமதிக்கும் கட்டுப்பாட்டு அணுகலே அறமானது. தரவைத் தந்த சமூகத்தின் நன்மையையும் அத்தரவின்மீது அச்சமூகத்துக்குள்ள அதிகாரத்தையும் முன்வைத்துப் பழங்குடி மக்களின் அமைப்புகள் 2019இல் வகுத்த நெறிகள் வன்னிக்கு மிக நெருக்கமானவை.

இவ்வாறு தரவைப் பிரித்துக் கையாள இலங்கைச் சட்டமும் ஓரளவு துணைசெய்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், அரசியற் கருத்து, உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையாக வேறுபடுத்துகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமோ, அரச நிறுவனங்கள் குடிமக்கள் கேட்கும் தகவலைப் பொதுவாக வழங்க வேண்டும் என்பதோடு, புதிதாக உருவாக்கும் பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேண வேண்டும் என்கிறது. ஒன்று மறைக்கச் சொல்ல மற்றொன்று வெளிப்படுத்தச் சொல்லும் இவ்விரண்டுக்கும் நடுவில், எந்தத் தரவு எவ்வகையைச் சார்ந்தது என்று தீர்மானிக்கும் பொறுப்பைத் தனி விரிவுரையாளரின் தோளில் ஏற்றாமல், பல்கலைக்கழக மூதவை ஏற்கும் கொள்கை தெளிவாக வகுத்துத் தருதல் வேண்டும். ஆய்வு தொடங்குமுன் தரவுத் திட்டம் எழுதுதல், சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி மறுபயன்பாட்டுக்குத் தனியாக ஒப்புதல் பெறுதல், வெளிநாட்டுக் கூட்டாய்விலும் ஒரு முழுப் படியை இங்கேயே வைத்தல் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். இவற்றுள் இறுதியானதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

இக்கொள்கையை நடைமுறைப்படுத்தும் இடம் நூலகமே. அங்கு தரவுக்கெனப் பயிற்சி பெற்ற ஒருவருக்கு நிரந்தரப் பதவியையும், மாவட்டத்துக்கு வெளியே இரண்டாம் படியைச் சேமிக்கும் செலவுக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீட்டையும் பல்கலைக்கழகப் பேரவை உறுதிசெய்ய வேண்டும். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவுகளைத் தமிழில் சுருக்கி உரிய பிரதேச செயலகத்துக்கும் கிராம அமைப்புக்கும் அளிக்கும் கடமையை அதே அலுவலரின் பணிப்பட்டியலில் சேர்க்க வேண்டும்.