பர்னாந்து எங்கிருந்து வந்தார்? குடும்பப் பெயரும் குருதியும்

  

தெற்கேயிருந்து காசிமேட்டுக்குத் தொழிலுக்கு வந்த பரதவர் குடும்பங்களில் பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது, மோத்தா என்ற பெயர்களைக் கேட்கிறோம். போர்த்துக்கீசியப் பெயர் இருந்தால் போர்த்துக்கீசியத் தகப்பனும் இருந்திருக்க வேண்டும் என்று என் துறை நண்பர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். மக்டொனால்டு என்றால் டொனால்டின் மகன், ஓ பிரையன் என்றால் பிரையன் வழிவந்தவர் என்று ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் துணைக்கு அழைக்கிறார்கள்.

அந்தத் துணை அவர்களுக்கு உதவாது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் தலைவனின் காவலை ஏற்ற குடிகளும் அவன் பெயரைச் சூடிக்கொண்டார்கள். மக்கிரெகர் என்ற பெயரையே 1603இல் அரசு தடைசெய்தது. அந்தத் தடை முற்றாக நீங்கியது 1774இல்தான். இடையில் அக்குடியினர் வேறு பெயர்களில் வாழ்ந்தார்கள். அவர்கள் குருதியா மாறியது?

இனி நம் பர்னாந்து. போர்த்துக்கலில் பெர்னாந்து என்பது ஆளின் பெயர். பெர்னாந்துவின் மகன் என்ற பொருளில் அமைந்த பெர்னாண்டஸ்தான் அங்கே குடும்பப் பெயர். கோவாவிலும் மங்களூரிலும் அந்த வடிவமே வழங்குகிறது. பரதவரின் தென்கடற்கரையான முத்துக்குளித்துறையிலோ பெருவழக்காக நிற்பது பர்னாந்து. ரொட்ரிகஸ் இருக்க வேண்டிய இடத்தில் ரொட்ரிகோவும் அப்படியே. தகப்பன் வழியாக வந்த பெயர் என்றால் ஈற்றில் அந்த ‘எஸ்’ ஒட்டியிருக்க வேண்டாமா? ஞானஸ்நானத்தில் சூட்டிய பெயரே வீட்டுப் பெயராக உறைந்தது என்பதுதான் என் முடிவு.

வரலாறும் இதற்கு இசைகிறது. முத்துக்குளிப்பு உரிமைக்காக எழுந்த பூசலில், 1530களின் நடுவில் பரதவர் தூதுக்குழு கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் காவலைக் கேட்டது. ஜான் த குரூஸ் என்ற குதிரை வணிகர் வழிகாட்டினார். ஊர் ஊராகத் திருமுழுக்கு நடந்தது. 1542இல் சவேரியார் வந்தபோது, முழுக்குப் பெற்றும் மறைக்கல்வி பெறாத மக்களையே கண்டார். குருக்கள் சிலர், மக்கள் பல்லாயிரவர். பெயர்கள் திரும்பத் திரும்ப வந்ததில் வியப்பில்லை. மச்சாது, மிராந்தா போன்ற முழுக் குடும்பப் பெயர்களும் ஞானத்தந்தையர் வழியே வந்திருக்கலாம். பர்னாந்து வீட்டில் பர்னாந்து பெண்ணெடுக்கிறார். ஒரே குருதி என்று எவரும் தடுப்பதில்லை.

அப்படியானால் இந்தப் பெயர் வெறும் மேற்பூச்சு, களைந்துவிடலாம் என்போரும் உண்டு. அவர்களோடும் நான் உடன்படவில்லை. தங்கள் கடலைக் காக்க ஒரு குடி செய்துகொண்ட உடன்படிக்கையின் கையெழுத்து இந்தப் பெயர். நம் ராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பிய படகோட்டிச் சமூகத்தாரும் கத்தோலிக்கரே. அவர்கள் சூடிக்கொண்டதோ முதலியார் பட்டம். மதம் ஒன்று, கடல் ஒன்று. உடன்பாடு வேறு, பெயர் வேறு.

நேரம் முடிகிறது. ராயபுரம், பெரம்பூர் ரயில்வே ஆங்கிலோ இந்தியரின் ஸ்காட்டிஷ், ஐரிஷ் பெயர்களைத் தனியே ஆராய வேண்டும். அரசமைப்பின் 366ஆம் பிரிவே அவர்களைத் தந்தைவழியால் வரையறுக்கிறது. அங்கே குருதிவாதம் பொருந்தும். இலங்கையின் பெர்னாண்டோக்களை ஒப்பிட வேண்டும். மணப்பாடு, புன்னைக்காயல் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுக்க வேண்டும்.

இளைய ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பங்கு ஆலயங்களின் திருமுழுக்கேடுகளை உப்புக்காற்று தின்றுவிடுமுன் படியெடுங்கள். ஞானத்தந்தையர் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வழக்குக்குச் சாட்சி அவர்களே.