"அவங்க வீடு எந்தத் தெரு?"

(திருவானைக்காவலில் பெற்றோர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



வளரிளம் பிள்ளைகளை வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைந்த ஊர் இது. ஒரு தெருக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

பதிமூன்று வயதுப் பையன் பள்ளி விட்டு வந்து புது நண்பனைப் பற்றிச் சொல்கிறான். தட்டில் தோசையை வைத்தபடி அம்மா கேட்கிறார்: "அவங்க வீடு எந்தத் தெருப்பா?" அதட்டவில்லை, அடிக்கவில்லை. மூன்றாவது நண்பனுக்கும் அதே கேள்வி வரும்போது பையனுக்குப் புரிந்துவிடுகிறது. அதன்பிறகு சில நண்பர்களைப் பற்றி அவன் வீட்டில் வாயே திறப்பதில்லை. எங்கோ பார்த்த வீடு என்று நினைக்காதீர்கள், என் வீடுதான்.

வளர்ப்பு முறை பற்றிப் படிக்கிறவர்களுக்கு டயானா பாம்ரிண்ட் முதல் பாடம். 1960களில் கலிபோர்னியாவில் குடும்பங்களைக் கவனித்து எழுதியவர். கனிவும் வேண்டும், காரணம் சொல்லிக் கண்டிக்கவும் வேண்டும் என்றார். சரிதான். ஆனால் அந்த அளவுகோலில் எங்கள் தோசை வீடு நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். இங்கே சாதியைச் சோற்றோடு சேர்த்து அன்பாகத்தான் ஊட்டுகிறார்கள். பின்னாளில் சாதியை எதிர்த்தால் அம்மாவையே எதிர்ப்பது போலப் பிள்ளைக்கு உறுத்துவது அதனால்தான்.

சேரியில் அதே அளவுகோல் வேறு விதமாகத் தவறும். என்னோடு படிக்கும் தோழரின் அப்பா, "அந்தத் தெருப்பக்கம் சைக்கிள்ல போகாத, யார் என்ன சொன்னாலும் பதில் பேசாத" என்று அதட்டுவாராம். காரணம் சொல்லமாட்டாராம். பாம்ரிண்ட் கணக்கில் அவர் கொடுங்கோலர். எப்படிச் சொல்வார் காரணத்தை? கேட்டதும் மகன் முகம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அமெரிக்காவில் கறுப்பினப் பெற்றோர், போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும் என்று மகனுக்குச் சொல்லித்தருகிறார்கள். அந்தக் கண்டிப்பும் இந்த அப்பாவின் கண்டிப்பும் ஒன்றுதான்.

இப்போது நாங்குநேரிக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 9 இரவு, பட்டியல் சாதி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். பள்ளியில் தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு வேண்டாம், நெற்றியில் சாதி அடையாளம் வேண்டாம் என்றது. இவற்றை நிறைவேற்றச் சொல்லி நாம் போராடத்தான் வேண்டும். ஆனால் பள்ளி வாசலில் ஆசிரியர் அவிழ்க்கும் கயிறு, அடுத்த நாள் எந்த வீட்டிலிருந்து திரும்பக் கட்டப்பட்டு வருகிறது? சாதியைப் பொறுத்தவரை கயிறு கட்டுகிற பையன்களில் பலர் வீட்டுப் பேச்சை மீறாத நல்ல பிள்ளைகள். எனக்குப் பயமே அதுதான்.

இன்று பிள்ளை புது நண்பனைப் பற்றிச் சொன்னால் தெருவைக் கேட்காதீர்கள். "ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வா" என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் உங்கள் பிள்ளை அவன் வீட்டில் சாப்பிட்டு வரட்டும். பாட்டி முகம் சுளிப்பார் என்பீர்கள். சுளிப்பார்தான். அவரிடம் பேச வேண்டியது நீங்கள், பதிமூன்று வயதுப் பையன் அல்ல. அடுக்களைக்குள் போய்க் குசுகுசுக்காமல், பிள்ளை காதில் விழும்படியே பேசுங்கள்.