'நீங்க எந்த நாடு?'



'வேற்றுமையில் ஒற்றுமை இருப்பது தெருவிலா, பாடப் புத்தகத்திலா?' இதுதான் தலைப்பு. தெருவில்தான் என்று பேசிய எதிரணி நண்பர், காஷ்மீர் ரோஜாவையும் தூத்துக்குடி முத்தையும் சேர்த்து அழகாக ஒரு மாலை கட்டினார். ஐயா, அந்த மாலையைப் போட்டுக்கிட்டு வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்க! (சிரிப்பு, கைதட்டல்)

எங்க தெருவுல ஒரு 'டு லெட்' போர்டு. நாகாலாந்திலிருந்து வந்த நர்ஸ் பொண்ணு ஒண்ணு போய்க் கேட்டுது. வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி: 'நீங்க எந்த நாடு?' 'இந்தியாதாம்மா' என்றது அந்தப் பெண், அரைகுறைத் தமிழில். 'பார்த்தா அப்படித் தெரியலியே!' வீடு கிடைக்கல. அந்தம்மா கெட்டவங்க இல்லை, நடுவர் அவர்களே. பக்கத்து வீட்டில் காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் கொடுக்கிறவங்க. அதனாலதான் எனக்குப் பயம்.

டெல்லி லஜ்பத் நகர், 2014 ஜனவரி 29. அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ டானியா ஒரு கடையில் விலாசம் விசாரிக்கிறார். அவர் தலைமுடியைப் பார்த்துக் கேலி. கேலி சண்டையாச்சு, சண்டை அடியாச்சு. மறுநாள் அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை. மறுநாள் என்ன நாள்? ஜனவரி 30. காந்தி சுடப்பட்ட நாள். அவருடைய அப்பா எம்.எல்.ஏ. எம்.எல்.ஏ. பிள்ளைக்கே இந்தக் கதின்னா, ஹோட்டலில் தட்டுக் கழுவ வந்த பிள்ளைக்கு?

'சட்டம் இருக்கே' என்பார்கள். இருக்கு. பிறந்த இடத்தைப் பார்த்து, இனத்தைப் பார்த்து அரசாங்கம் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்லுது. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி, இனம், மொழி, பிறந்த இடம் பார்த்துக் கொன்றால் தனித் தண்டனையே உண்டு. நல்லது. அது கொன்ற பிறகு. வீடு இல்லைன்னு கதவைச் சாத்தினதுக்கு?

2012 ஆகஸ்ட். அஸ்ஸாம் கலவரத்துக்குப் பழிவாங்கப் போறாங்கன்னு செல்போனில் ஒரு வதந்தி. பெங்களூரில் வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் மூட்டையோடு ரயில் நிலையத்துக்கு ஓடினாங்க. கௌஹாத்திக்குச் சிறப்பு ரயில் விட்டார்கள். எந்த நாளில்? சுதந்திர தினத்தன்று! சென்னையிலிருந்தும் கிளம்பினாங்க. 'வதந்தியை நம்பலாமா?' என்று அவர்களைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டை நம்ப முடியலியே, அதுக்கு என்ன செய்வாங்க?

நமக்கு இது புதுசா? எங்க பெரியப்பா பம்பாய் மாட்டுங்காவில் டைப்பிஸ்ட். 1966-ல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் குறியே தென்னிந்தியர்கள்தான். தமிழர், மலையாளி, துளு பேசுகிற உடுப்பி ஹோட்டல்காரர் எல்லாருக்கும் ஒரே பேரு, 'மதராஸி'. 'எனக்குன்னு ஒரு ஊரு இருக்குடா, திருவையாறு. அதை ஒருத்தனும் கேட்கலியே' என்று சாகிற வரைக்கும் சொல்லுவார்.

இன்னிக்கு நாம? ஒடிசாக்காரர், பீகாரி, வங்காளி, ஜார்க்கண்ட் ஆதிவாசி எல்லாருக்கும் ஒரே பேரு, 'வடக்கன்'. மணிப்பூர், மிசோரம்னா 'நேப்பாளி'. (கைதட்டல்) 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அத்தனையும் பொய். போலீஸ் மறுத்தது, முதலமைச்சர் தைரியம் சொன்னார். அப்படியும் பயந்து ரயிலேறினவங்க உண்டு. பொய் அவ்வளவு சுலபமா வேலை செஞ்சுது. ஏன்? நம்ம கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர் பெயர் நமக்குத் தெரியாது, நம்ம பெயர் அவருக்குத் தெரியாது.

ஒற்றுமை தெருவில் இருக்குன்னு சாதிக்கிற எதிரணித் தலைவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது எந்த ஊர், எந்தத் தெரு? கதவு நம்பரோடு சொல்லிட்டுப் பேச்சை ஆரம்பிக்கட்டும். வீடு தேடுற ஒரு பொண்ணு கிட்ட அந்த விலாசத்தைக் கொடுக்கணும்.