பியூஸ் ஏன் போனது?



மும்பையில் தாராவி என்று ஓர் இடம். தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். தையல் கடைகளும் தோல் பட்டறைகளும் நெருங்கிய சந்துகள். அப்படி ஒரு சந்தில் ஒரு தையல்காரர் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடையே வீடு. கடையில் ஒரு குண்டு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு இஸ்திரிப் பெட்டி. அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் கம்பிச்சுருள் அடுப்பு ஒன்று வாங்கி வந்தார். கரண்டில் சமைக்கும் அடுப்பு. மனைவி அடுப்பைப் போட்டார். கணவர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டார். பட்டென்று பியூஸ் போயிற்று. புதுக் கம்பி கட்டினார். மறுபடியும் போயிற்று.

பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்தார். "தடிச்ச செம்புக் கம்பியைக் கட்டுங்கண்ணே. அப்புறம் போகவே போகாது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். போகவில்லை. இரண்டு நாள் நன்றாகவே ஓடியது. மூன்றாம் நாள் ரப்பர் கருகிய வாசனை வந்தது. ஒயர் ஓடும் மரச்சட்டத்தை மனைவி தொட்டுப் பார்த்தார்.

"என்னங்க, இங்க வந்து தொட்டுப் பாருங்க. கட்டை சுடுது."

கணவர் எல்லாவற்றையும் அணைத்தார். மனைவி அப்போதுதான் எழுத்தறிவு வகுப்பில் பெருக்கல், வகுத்தல் முடித்திருந்தார். நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பொருளிலும் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். இஸ்திரிப் பெட்டி 1000 வாட். அடுப்பு 2000 வாட். பல்பு 60 வாட். விசிறி 75 வாட். கூட்டினால் 3135 வாட்.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஒயரில் ஓடும் கரண்டை ஆம்பியரில் சொல்வார்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 3135-ஐ 230-ஆல் வகுத்தார். 13.6 ஆம்பியர் வந்தது.

முதலில் இருந்த பியூஸ் 5 ஆம்பியர். 5-ஐ 230-ஆல் பெருக்கினால் 1150 வாட். அடுப்பு வருவதற்கு முன் கடையில் ஓடியது 1135 வாட். மயிரிழையில் தப்பித்து ஓடிக்கொண்டிருந்தது, பாவம்! (விசிறி போன்ற மோட்டார் பொருள்கள் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதல் கரண்ட் எடுக்கும். பல்புக்கும் அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் கணக்கு அப்படியே பொருந்தும்.)

சரி, மரச்சட்டம் ஏன் சுட்டது? எந்தக் கம்பியும் கரண்டைச் சும்மா விடுவதில்லை, கொஞ்சம் தடுக்கும். அதற்குத் தடை என்று பெயர். தடையை அளக்கும் அளவுக்கு ஓம் என்று பெயர். ஜெர்மனியில் ஓம் என்ற ஆசிரியர் இதைச் சோதித்து 1827-இல் எழுதினார். அவர் பூட்டுத் தொழிலாளியின் மகன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும் என்பது அவர் கண்டது. இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் எடுக்கிறது. 230-ஐ அதனால் வகுத்தால் சுமார் 53 ஓம். அடுப்பு 8.7 ஆம்பியர் எடுக்கிறது. அதன் தடை சுமார் 26 ஓம். தடை பாதியானால் கரண்ட் இரண்டு மடங்கு.

சுவரில் ஓடும் ஒயருக்கும் தடை உண்டு. அது அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒயர் எவ்வளவு சூடாகும் என்று அறிய, ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, தடையாலும் பெருக்க வேண்டும். 5 ஆம்பியர் ஓடினால் 5 × 5 = 25. அதில் பாதி 12.5 வாட். அந்தச் சூடு தெரியாது. 13.6 ஆம்பியர் ஓடினாலோ சுமார் 92 வாட்! ஒரு குண்டு பல்பு கக்கும் சூட்டைவிட அதிகம். அது முழுவதும் மரச்சட்டத்துக்குள்ளே அடைந்து கிடந்தது. மெல்லிய பியூஸ் கம்பி உருகியிருந்தால் கரண்ட் நின்றிருக்கும். செம்புக் கம்பி உருகவில்லை. அதனால் ஒயரின் உறை உருகியது.

இதே கணக்கு மனித உடம்புக்கும் உண்டு. காய்ந்த தோலுக்குத் தடை அதிகம். நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம் வரை இறங்கிவிடும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். அந்தக் கடையின் 60 வாட் பல்பு எடுப்பது 0.26 ஆம்பியர். ஒரு பல்பு எரியத் தேவைப்படும் கரண்டைவிடக் குறைவானது ஓர் உயிரைக் கொண்டுபோகப் போதும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று பெரியவர்கள் திட்டுவதன் காரணம் இந்த வகுத்தலில் இருக்கிறது.

மனைவி நோட்டைக் கணவரிடம் நீட்டினார். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செம்புக் கம்பியைக் கழற்றி எறிந்தார். மறுநாள் வயர்மேன் வந்தார். கருகிய ஒயரை மாற்றினார். அடுப்புக்குத் தடித்த ஒயரில் தனி லைனும் 15 ஆம்பியர் பிளக்கும் போட வேண்டும் என்றார். கடைக்கு வந்துசேரும் ஒயர் அந்தச் சுமையைத் தாங்குமா என்று மின்சாரக் கம்பெனியில் முதலில் கேட்டுவரச் சொன்னார். செலவைக் கேட்டதும் கணவர் தலையைச் சொறிந்தார். தீபாவளித் தையல் கூலி வரட்டும் என்று மனைவி சொன்னார். அதுவரை சோறு பழையபடி கேஸ் அடுப்பில்தான் வெந்தது.